பயணியும் திறன் கைக்கடிகாரமும்

காலங்காட்டும் கருவி எதுவாயினும் அதற்கு அவ்வப்போது ஊட்டம் வேண்டும். நாழிகை வட்டிலுக்கு நீர் வேண்டும். பழைய கைக்கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுத்தல் வேண்டும். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சைக்கோ நிறுவனத்தின் 'ஆஸ்ட்ரோன்' என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அவ்வினக் கடிகாரங்கள் பரவியபின், சிறு மின்கலம் ஒன்றே ஓராண்டுக்கு மேலும் உழைத்தது. சாவி கொடுக்கும் வழக்கம் அருகிற்று. திறன் கைக்கடிகாரம் வந்தபின், அக்கடமை மின்னூட்டம் என்னும் பெயரில் மீண்டு வந்துள்ளது.

வீட்டில் இருப்போர்க்கு இது சிறு வேலையே. அடிக்கடி வெளிநாடு செல்வோர்க்கு அவ்வாறன்று. விமானம் ஏறும் அனுமதிச் சீட்டு, பணம் செலுத்தும் வசதி, இதயத் துடிப்பு பற்றிய எச்சரிக்கை ஆகிய பலவும் அக்கருவியுள் அடங்கியுள்ளன. மின்கலம் ஓய்ந்தால் மணி பார்ப்பது மட்டுமன்றி இவை யாவும் ஓய்ந்துவிடும்.

சிறு கலம், பெரு வேலை

பெரும்பாலான திறன் கைக்கடிகாரங்களில் இருப்பது இலித்தியம் அயனி மின்கலம். 300 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுடைய கலம் ஒன்று தேக்கும் ஆற்றல் ஒரு வாட்-மணிக்குச் சற்று மிகுதி. திறன்பேசி ஒன்றின் கலமோ இதனினும் பத்து மடங்குக்கு மேல் தேக்கவல்லது. கடிகாரம் மணிக்கட்டில் அடங்க வேண்டுமாதலின் கலத்தைப் பெரிதாக்க வழியில்லை.

அச்சிறு ஆற்றலை உண்பவை நான்கு. ஒன்று, ஒளிரும் திரை. இரண்டு, செயற்கைக்கோள்களின் குறிகளைப் பெற்று இடமறியும் கருவி. மூன்று, தொலைபேசித் தொடர்புக்கான வானொலி அலைக் கருவி. நான்கு, தோலின்மேல் பச்சை ஒளி பாய்ச்சி இதயத் துடிப்பை அளக்கும் உணரி. பயணத்தின்போது இவற்றுக்கு வேலை மிகுகிறது. புதிய ஊரில் வழி காண இடமறி கருவி ஓயாது இயங்கும். அலைவரிசை மெலிந்த இடத்தில் வானொலிக் கருவி மேலும் ஆற்றல் செலவிட்டுத் தொடர்பைத் தேடும். வீட்டில் இரவுவரை தாங்கிய கடிகாரம் வெளியூரில் மாலையிலேயே ஓய்வதன் காரணம் இதுவே. கடுங்குளிர் நாட்டில் கலத்தின் வேதிவினை மந்தப்படுவதால் அது தரும் ஆற்றல் மேலும் குறையும்.

பதினெட்டு மணிக் கணக்கு

2015 இல் வெளிவந்த முதல் ஆப்பிள் கடிகாரத்துக்கு அந்நிறுவனம் கூறிய உழைப்புக் காலம் 18 மணி. செயல்களைக் குறைத்து அமைத்த வேறு சில வகைகள் ஒரு வாரத்துக்கு மேலும் உழைப்பதுண்டு. ஆயினும் நாள்தோறும் ஊட்டம் வேண்டுபவையே பலர் கையில் உள்ளன.

சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாது பறக்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். விமான நிலையத்துக்கு முன்கூட்டியே செல்லும் நேரத்தையும், இறங்கியபின் குடிநுழைவுச் சோதனை முடித்துத் தங்குமிடம் சேரும் நேரத்தையும் கூட்டினால் 18 மணி நிரம்பிவிடும். காலையில் நிறைத்த கடிகாரத்துடன் நள்ளிரவில் விமானம் ஏறுபவர் பாதி வழியிலேயே வெறுந்திரையைக் காண்பார்.

இதனுள் ஒரு மயக்கமும் உண்டு. இலண்டன் நேரம் சிங்கப்பூர் நேரத்துக்குக் கோடையில் 7 மணியும் குளிர்காலத்தில் 8 மணியும் பிந்தியது. இறங்கியதும் கடிகாரம் அவ்வூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். இரவு 11 மணிக்குப் புறப்பட்டவர் விடியற்காலை 6 மணியைக் காணும்போது, ஏழு மணி நேரமே சென்றதுபோல் தோன்றும். மின்கலமோ 14 மணி உழைத்து முடித்திருக்கும். ஆதலின் பயணி மின்னூட்டத்தைக் கடிகாரம் காட்டும் நேரத்தால் கணக்கிடலாகாது. இறுதியாக நிறைத்தபின் கழிந்த மணிகளால் கணக்கிடுதல் வேண்டும்.

ஊட்டும் முறை

பல கடிகாரங்களின் முதுகில் மின்கம்பி செருகத் துளையில்லை. ஊட்டியிலுள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாய, கடிகாரத்தினுள் உள்ள சுருளில் மின்னோட்டம் தோன்றுகிறது. 1831 இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. ஆயின் ஒரு நிறுவனத்தின் ஊட்டி மற்றொன்றின் கடிகாரத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. திறன்பேசிக்குரிய கம்பியை விடுதியில் இரவல் பெறலாம்; கடிகாரத்துக்குரியது கிடைப்பது அரிது. எனவே அதனைக் கைப்பையிலேயே வைத்தல் நன்று.

சுவர்ச்செருகியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மூன்று தட்டை முனைகளும் 230 வோல்ட்டும் வழக்கு. ஜப்பானில் இரண்டு தட்டை முனைகளும் 100 வோல்ட்டும். மின்னிணைப்பியின்மேல் '100–240' வோல்ட் எனப் பொறித்திருந்தால் முனைமாற்றி ஒன்றே போதும்.

'பவர் பேங்க்' எனப்படும் கையடக்க மின்சேமிப்பியைப் பெட்டியில் வைத்து விமானத்தின் சரக்கறைக்கு அனுப்புதல் கூடாது. உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டால் விமான நிறுவனத்தின் இசைவு தேவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல், பறக்கும்போது மின்சேமிப்பியால் பிற கருவிகளுக்கு ஊட்டுவதைத் தடை செய்தது. இத்தகைய விதியுள்ள விமானங்களில் இருக்கையருகே உள்ள மின்துளையிலிருந்து நேரே ஊட்டலாம். கடிகாரம் ஏற்கும் மின்னோட்டம் மிகச் சிறிதாதலின், சில மின்சேமிப்பிகள் எதுவும் இணைக்கப்படவில்லை எனக் கருதித் தாமே நின்றுவிடுவதும் உண்டு. வாங்குமுன் இதனைச் சோதித்தல் வேண்டும்.

தூக்கத்தை அளக்க இரவிலும் கடிகாரம் அணிவோர், குளிக்கும் நேரத்திலும் உணவு வேளையிலும் சிறிது சிறிதாக ஊட்டலாம். இலித்தியம் அயனிக் கலத்தை முற்றும் வெறுமையாக்கிய பின்னரே நிறைக்க வேண்டும் என்பது பிழையான எண்ணம். அதற்குப் பகை வெப்பமே. வெயிலில் நிறுத்திய காரினுள் கடிகாரத்தை விட்டுச் செல்லலாகாது. விமானத்தில் அலைத்தொடர்பையும், தேவையற்றபோது எப்போதும் ஒளிரும் திரையையும் நிறுத்திவைத்தால், இறங்கும் ஊரில் வழி காணவும் வண்டிக்குப் பணம் செலுத்தவும் வேண்டிய ஆற்றல் மிஞ்சும்.