அரசுப் பணமும் சிவில் உரிமையும்: கை மாறிய ஓர் ஆயுதம்

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டு வந்த சுமார் 40 கோடி டாலர் பெறுமதியான மானியங்களையும் ஒப்பந்தங்களையும் அதிபர் டொனால்ட் டிரம்பின் அரசு 2025 மார்ச் மாதம் ரத்து செய்தது. வளாகத்தில் யூத மாணவர்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்கப் பல்கலைக்கழகம் தவறிவிட்டது என்பது அரசு கூறிய காரணம். இந்நடவடிக்கைக்குப் பின்னணியில் இருந்தது 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம்.

அமெரிக்கத் தாராளவாதிகள் தமது தலையாய சாதனைகளில் ஒன்றாகக் கருதும் சட்டம் அது. அரசின் பணத்தைப் பெறும் எவரும் பாகுபாடு காட்டக்கூடாது என்ற அதன் விதி, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தாராளவாதத்தின் கோட்டைகள் என்று வர்ணிக்கப்படும் பல்கலைக்கழகங்களை நோக்கியே திரும்பியுள்ளது. அதன் பொருளை விளங்கிக்கொள்ள, அந்த விதி எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தீர்ப்பு வந்தும் மாறாத தென் மாநிலங்கள்

பள்ளிகளில் இன அடிப்படையில் மாணவர்களைப் பிரித்துவைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆனால் பத்து ஆண்டுகள் கழிந்த பிறகும், உள்நாட்டுப் போரின்போது பிரிந்து சென்ற 11 தென் மாநிலங்களில், வெள்ளையினக் குழந்தைகளுடன் சேர்ந்து படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர் மட்டுமே. ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக வழக்குத் தொடுத்து வெல்ல வேண்டியிருந்ததே இதற்கு முக்கியக் காரணம்.

மருத்துவமனைகளின் நிலையும் இதுதான். மருத்துவமனைகள் கட்ட மத்திய அரசு நிதி வழங்க வகைசெய்த 1946ஆம் ஆண்டின் ஹில்-பர்ட்டன் சட்டம், வசதிகள் சமமாக இருக்குமானால் இரு இனத்தவருக்கும் தனித்தனி ஏற்பாடுகள் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே அனுமதித்தது. அதாவது கறுப்பினத்தவர் செலுத்திய வரிப்பணமும் சேர்ந்தே, அவர்கள் நுழைய முடியாத மருத்துவமனைகள் எழுப்பப்பட்டன.

வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்பரோ நகரைச் சேர்ந்த ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் இதனை எதிர்த்துச் சக மருத்துவர்கள், நோயாளிகளுடன் இணைந்து 1962இல் வழக்குத் தொடர்ந்தார். ஹில்-பர்ட்டன் சட்டத்தின் அந்தப் பிரிவு செல்லாது என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 1963 நவம்பரில் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு நிறைவேறிய சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாவது பகுதி, இந்தக் கோட்பாட்டை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது. இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டும் திட்டங்களுக்கு மத்திய அரசின் நிதி கிடையாது என்பதே அதன் சாரம்.

மெடிகேர் திறந்த கதவுகள்

இந்த விதிக்கு உண்மையான வலுவைத் தந்தது ஒரு பொதுச்சேவைத் திட்டமாகும். 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30ஆம் தேதி ஒப்புதல் அளித்தார். 1966 ஜூலை முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. முதியோரின் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்றால் அது எந்த மருத்துவமனைக்கும் பெரும் வருமானம். ஆனால் அந்த வருமானம் வேண்டுமென்றால், வார்டுகளையும் அறைகளையும் இன அடிப்படையில் பிரித்துவைக்கக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றியாக வேண்டும்.

இதனைக் கண்காணிப்பதற்காக, ஏறத்தாழ ஆயிரம் பேர் வேறு அரசுப் பணிகளிலிருந்து தற்காலிகமாக மாற்றப்பட்டனர். மருத்துவமனை நிர்வாகங்கள் அளித்த உறுதிமொழிகள் உண்மைதானா என்பதை, அங்கு வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் பலர் இவர்களுக்குச் சத்தமின்றித் தெரிவித்தார்கள். நீதிமன்றங்களால் பல ஆண்டுகளாக முடியாத மாற்றம், பெரும்பாலான மருத்துவமனைகளில் சில மாதங்களுக்குள் நிகழ்ந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் இதன் பிறகு கறுப்பினக் குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு, நிமோனியா போன்றவற்றால் ஏற்பட்ட மரணங்கள் வெகுவாகக் குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் பதிவுசெய்துள்ளனர்.

எனினும் இந்த வெற்றிக்கும் எல்லைகள் இருந்தன. மெடிகேர் மூலம் கட்டணம் பெறும் தனியார் மருத்துவர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று ஜான்சன் அரசே முடிவெடுத்தது. முதியோர் பராமரிப்பு இல்லங்களும் பெருமளவுக்குத் தப்பித்துக்கொண்டன.

குடியேறியவர்களுக்கும் ஒரு கவசம்

ஆறாவது பகுதியில் உள்ள 'பூர்வீக நாடு' என்ற சொற்கள், அமெரிக்காவில் குடியேறியுள்ள தமிழர் உள்ளிட்ட சமூகங்களுக்கு முக்கியமானவை. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் தெரியாத சீன மாணவர்களுக்கு எவ்வித உதவியும் தராமல் ஆங்கிலத்தில் மட்டும் பாடம் நடத்துவது இந்த விதியை மீறுவதாகும் என்று உச்சநீதிமன்றம் 1974இல் கூறியது. மருத்துவமனையில் ஆங்கிலம் பேச இயலாத முதியவர் ஒருவர் மொழிபெயர்ப்பாளரைக் கோர முடிவதற்கு வேராக அமைந்தது இந்தச் சிந்தனைதான். அரசு உதவி பெறும் சேவைகளில் இத்தகைய மொழி வசதிகளை வலியுறுத்தி அதிபர் கிளின்டன் 2000ஆம் ஆண்டில் பிறப்பித்த ஆணையை, அதிபர் டிரம்ப் 2025 மார்ச்சில் விலக்கிக்கொண்டார்.

நீதிமன்றங்கள் இட்ட வரம்பு

பிற்காலத்தில் இந்த ஆயுதத்தின் கூர்மையை உச்சநீதிமன்றம் இரு வகைகளில் குறைத்தது. நோக்கத்தில் பாகுபாடு இல்லாமல் விளைவில் மட்டும் பாகுபாடு தென்படும் விவகாரங்களில், தனிநபர்கள் ஆறாவது பகுதியின் கீழ் வழக்குத் தொடர முடியாது என்று 2001இல் அது தீர்ப்பளித்தது. ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்திய அலபாமா மாநிலம் தொடர்பான வழக்கு அது.

இரண்டாவது தீர்ப்பு 2012இல் வந்தது. அதிபர் ஒபாமாவின் சுகாதாரச் சட்டம், ஏழைகளுக்கான மெடிகேட் காப்பீட்டை விரிவுபடுத்த மறுக்கும் மாநிலங்கள் ஏற்கெனவே பெற்றுவந்த மெடிகேட் நிதியையும் இழக்க நேரிடும் என்று கூறியிருந்தது. இது நிபந்தனையல்ல, நிர்ப்பந்தம் என்று ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் கருதினர். அதன் விளைவாக, 2025ஆம் ஆண்டிலும் மிசிசிப்பி, அலபாமா, டெக்சாஸ் உள்ளிட்ட பத்து மாநிலங்கள் அந்த விரிவாக்கத்தை ஏற்காமல் இருந்தன. தாராளவாதிகளுக்கு அது பெரும் பின்னடைவு.

யார் கையில் பணப்பை?

ஆனால் பணத்தைக் காட்டிப் பணியவைப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்ற அதே வாதமே பின்னர் தாராளவாதிகளுக்குக் கேடயமாயிற்று. குடியேறிகளைப் பிடிப்பதில் மத்திய அரசுடன் ஒத்துழைக்காத நகரங்களின் நிதியை நிறுத்தும் முயற்சிகளை, சான் பிரான்சிஸ்கோ மத்திய நீதிமன்றம் 2017இலும் 2025இலும் தடுத்தது.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் நிலை இன்னும் தெளிவான உதாரணம். அதன் நிர்வாகம், பணி நியமனம், மாணவர் சேர்க்கை ஆகியவற்றில் மாற்றங்களைக் கோரிய அரசு, அது மறுத்ததும் 2025 ஏப்ரலில் 200 கோடி டாலருக்கும் அதிகமான ஆய்வு நிதியை முடக்கியது. கொலம்பியா சுமார் 20 கோடி டாலர் செலுத்த உடன்பட்டுச் சமரசம் செய்துகொண்டது. ஹார்வர்ட் நீதிமன்றத்தை நாடியது. நிதி நிறுத்தம் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்றும், ஆறாவது பகுதி விதித்துள்ள நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை என்றும் மத்திய நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு செய்யப்போவதாக அரசு அறிவித்தது.

பழைமைவாதிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 2011இல் கல்லூரிகளில் பாலியல் புகார்களை விசாரிக்கும் முறை குறித்தும், 2016இல் பள்ளிகளில் திருநர் மாணவர்கள் எந்தக் கழிவறையைப் பயன்படுத்தலாம் என்பது குறித்தும் ஒபாமா அரசு கடிதங்கள் வாயிலாகவே கல்வி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது என்றும், நிதி போய்விடும் என்ற அச்சமே அவற்றைப் பணியவைத்தது என்றும் அவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆயினும் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியவர்கள் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தனர். நிதியை நிறுத்துமுன் முறையான விசாரணை நடக்க வேண்டும், காங்கிரஸ் குழுக்களுக்கு அறிக்கை அளித்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டும், பாகுபாடு எந்தத் திட்டத்தில் நிரூபிக்கப்பட்டதோ அதன் நிதியை மட்டுமே நிறுத்தலாம் என்ற தடுப்புகள் அச்சட்டத்திலேயே உள்ளன. வளாகத்துப் புகாருக்குத் தண்டனையாக மருத்துவ ஆய்வுக்கூடத்தின் பணத்தை நிறுத்துவது இந்த மூன்றாவது தடுப்புக்கு நேர் முரணானது.

1966இல் மருத்துவமனைகளுக்கு இடப்பட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அது எல்லோருக்கும் ஒன்றாகவும் முன்கூட்டியே தெரிந்ததாகவும் இருந்தது. அரசுப் பணத்தின் வழியே உரிமைகளை நிலைநாட்டலாம் என்று நம்புகிறவர்கள், தமது தரப்பு ஆட்சியில் இருக்கும்போதும் அந்த நடைமுறைத் தடுப்புகளைச் சிரமம் பாராமல் காத்தாக வேண்டும். நாளை பணப்பை வேறொருவர் கைக்குப் போகும்போது எஞ்சி நிற்கப்போகும் பாதுகாப்பு அவை மட்டுமே.