‘கட கட’ சத்தம்... எப்பங்க வருது?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று தனி அகராதி உண்டு. ‘கட கட’, ‘லொட லொட’, ‘கிரீச்’, ‘ஙொய்...’, ‘டங்!’ தொல்காப்பியர் காலத்தில் கார் இருந்திருந்தால் இரட்டைக்கிளவிக்கு இன்னும் நாலு சூத்திரம் கூடுதலாக எழுதியிருப்பார். இந்த அகராதியிலிருந்து ஏதாவது ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு ஒர்க் ஷாப் வாசலில் போய் நின்றால், பில் ஆயிரத்தில் ஆரம்பிக்கும்!

திருப்பூர்ப் பக்கம் இந்த அகராதிக்கு வாசகர்கள் ஜாஸ்தி. பனியன் கம்பெனி ஆபீஸில் மெர்ச்சண்டைசர், ஷிப்பிங் கிளார்க், அக்கவுண்டன்ட் என்று இருக்கிற பையன்கள் போனஸோடு கொஞ்சம் கடனும் சேர்த்து முதலில் வாங்குவது செகண்ட் ஹாண்ட் கார்தான். அம்பாஸடர் தயாரிப்பு நின்றது 2014-ல். மாருதி 800-ஐ நிறுத்தியதும் அதே 2014-ல்தான். ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சொந்த உபயோக காருக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம். மனிதர்களுக்கு இந்த வசதி இல்லை!

வயசான வண்டி என்றால் முனகத்தான் செய்யும். அதிலும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் முனகுகிறதே ஒரு சத்தம்... அதுதான் ஆளைப் படுத்துகிற ரகம். ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் சமர்த்தாக இருக்கும். கேட் தாண்டியதும் ‘கட கட’!

இதில் எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘சத்தம் எங்கே வருகிறது?’ கேள்வியே கோணல். தகர டப்பா மாதிரி இருக்கிற வண்டியில் சத்தம் ஒரு மூலையில் பிறந்து இன்னொரு மூலையில் கேட்கும். கேட்க வேண்டிய கேள்வி, ‘சத்தம் எப்போது வருகிறது?’

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. உடனே 400 பக்க லெட்ஜரையும் முதல் பக்கத்திலிருந்தா புரட்டுவோம்? முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அது 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதா? 63-ஐ 36 என்று யாரோ மாற்றி எழுதியிருக்கலாம். வித்தியாசத்தில் பாதித் தொகை எங்காவது உட்கார்ந்திருக்கிறதா? பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்கலாம். வித்தியாசமே தப்பு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கார் சத்தமும் அதே ஜாதிதான்.

நண்பர் ஒருவர், ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெள்ளிக்கிழமை ஷிப்மென்ட், வியாழக்கிழமை வண்டியில் ‘டங்’. பெரிய ஒர்க் ஷாப் ஒன்றில் கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, 22 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் போட்டு நீட்டிவிட்டார்கள். மனுஷன் முகத்தைப் பார்க்க சகிக்காமல், எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் அழைத்துப் போனேன். தகர ஷெட், வாசலில் வேப்பமரம், மரத்தில் நாலு டயர். அண்ணன் பானெட்டைத் திறக்கவே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

‘‘எப்பங்க வருது?’’

‘‘ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா வருதுங்ணா.’’

‘‘மிதிச்ச உடனேவா, மிதிச்சிட்டே இருக்கறப்பவா?’’

‘‘உடனேதானுங்ணா. காலை எடுத்தா இன்னொருக்கா வருது.’’

‘‘நின்ன இடத்துலயே ரேஸ் பண்ணுனா?’’

‘‘வர்றதில்லீங்.’’

‘‘செரி, ஹேண்ட் பிரேக் போடுங்க. ஃபுட் பிரேக்கையும் நல்லா அமுக்கிக்குங்க. ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு கிளச்சை மெல்ல மெல்ல விடுங்க, பாக்கலாம்.’’

இப்போதுதான் பானெட்டைத் திறந்து, வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பார்த்தார். கிளச் பிடிக்க ஆரம்பித்ததுமே இன்ஜின், தூங்கினவன் திடுக்கிட்டு எழுந்த மாதிரி ஒரு பக்கம் தூக்கிப் போட்டது. இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. புது ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்! ஷிப்மென்ட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் கேட்ட கேள்விகளை வரிசைப்படுத்தினால் மூன்றே பரீட்சைதான். நீங்களும் வைத்துப் பார்க்கலாம்.

முதல் பரீட்சை: நின்ற இடத்தில், நியூட்ரலில் ரேஸ் செய்யுங்கள். அப்போதும் சத்தம் வந்து, ரேஸுக்குத் தக்கபடி ஏறி இறங்கினால், குற்றவாளி பெரும்பாலும் இன்ஜினிலோ அதைச் சுற்றியோதான் இருக்கிறான். சக்கரத்துக்கு விடுதலை! ‘கிரீச்’ என்றால் முதல் சந்தேகம் ஃபேன் பெல்ட் மேல். இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஓரம் பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘டிக் டிக்’ என்று தையல் மெஷின் மாதிரி ஓடினால் டப்பெட்டாக இருக்கலாம். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ‘புஸ் புஸ்’, சூடானதும் குறைகிறது என்றால், இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டில் கேஸ்கெட் ஓட்டையாக இருக்கலாம். இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொள்ளும். ‘அதான் போயிருச்சே’ என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.ஸி.யில் பழைய பாட்டு கேட்டுக்கொண்டே தலைவலி வந்தால், குற்றம் இளையராஜா மேல் இல்லை!

இரண்டாவது பரீட்சை: விடிகாலையில், ஆளில்லாத நேரான ரோட்டில், 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை மட்டும் தொடாதீர்கள். இன்ஜின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளக் கூடும். இன்ஜின் அடங்கிய பிறகும் ‘ஊ...’ என்று ஊளையிட்டு, வேகம் குறையக் குறையத்தான் அடங்குகிறதா? டயர் அல்லது வீல் பேரிங். லேசாக இடது பக்கம் வளைக்கும்போது ஊளை கூடினால் வலது சக்கரத்தைச் சந்தேகப்படுங்கள். வளைவில் பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். பேரிங் விஷயத்தில் ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ வேண்டாம். அவிநாசி தாண்டி ஹைவேயில் சக்கரம் தனியாக கோயமுத்தூர் போவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

மூன்றாவது பரீட்சை: மேடு. இன்ஜினுக்குப் பாரம் ஏறினால் மட்டும் வருகிற சத்தம் இது. திருப்பூர்க்காரர்களுக்கு இருக்கவே இருக்கிறது ரயில்வே மேம்பாலம். இழுக்கும்போது மட்டும் ‘டங்’ என்றால் மவுண்ட்டிங். அம்பாஸடர், பத்மினி மாதிரி பின்சக்கரம் இழுக்கிற வண்டியென்றால் ஜாயின்ட் கிராஸையும் பார்க்கச் சொல்லுங்கள். மாருதி மாதிரி முன்சக்கரம் இழுக்கிற வண்டியில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘டக் டக் டக்’ என்றால் சி.வி. ஜாயின்ட், அதை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்து கிரீஸ் போய் மண் போயிருக்கும். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளச் வழுக்குகிறது.

மேட்டில் தகர டப்பாவுக்குள் கோலிகுண்டு உருட்டின மாதிரி கேட்டால் அதற்குப் பெயர் ‘நாக்கிங்’. சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல், நேரம் தப்பி வெடிக்கிறது. டைமிங் தப்பியிருக்கலாம், உள்ளே கரி அடைந்திருக்கலாம், இன்ஜின் சூடாகியிருக்கலாம். நிட்டிங் கம்பெனி வாசலிலேயே வருஷக்கணக்கில் நிற்கிற வண்டியென்றால் ரேடியேட்டர் முகத்தில் பஞ்சு அப்பியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இந்தக் கோலிகுண்டு சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதையே இருக்கிறது. காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கண்டுபிடித்த அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங். அவருடைய பேட்டரி இக்னிஷனால்தான் இன்ஜின் தட்டுகிறது என்று ஊரே பழி போட்டது. உண்மையைக் கண்டுபிடி என்று 1916-ல் தாமஸ் மிட்ஜ்லியிடம் வேலையைக் கொடுத்தார். எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும் என்று மிட்ஜ்லி நினைத்தார். சாயம் கிடைக்கவில்லை, கைக்குக் கிடைத்த அயோடினைப் போட்டார். சத்தம் குறைந்தது! பிறகு நிஜமான சிவப்புச் சாயத்தைப் போட்டுப் பார்த்தால், ஒரு பிரயோஜனமும் இல்லை. குறைத்தது நிறம் இல்லை, அயோடின்தான். தேடிக்கொண்டே போய் 1921 டிசம்பரில் ஈயக் கலவை ஒன்றைப் பிடித்தார்கள். சத்தம் நின்றது. ஆனால் அந்த ஈயம் உலகம் பூராவும் காற்றில் விஷமாகக் கலந்தது. இந்தியா முழுக்க ஈயமில்லா பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்; கடைசி நாடான அல்ஜீரியா விட்டது 2021-ல். சத்தத்தை நிறுத்துவது வேறு, கோளாறை நிறுத்துவது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. ஸ்டீரியோ வால்யூமைக் கூட்டி ‘கட கட’வை அடக்குகிற நண்பர்கள் கவனிக்க!

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது நாக்கிங்கைக் குறைக்கிற சரக்குதான். ஆனால் பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ்களுக்கு எத்தனால் ஒத்துக்கொள்ளாது. சத்தம் தேடப் போகும்போது பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று மூக்கையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

புது கார்களில் கம்ப்யூட்டரைச் சொருகினால் கோளாறு நம்பர் வந்துவிடும். நல்லதுதான். ஆனால் கிழிந்த மவுண்ட்டிங்குக்கும், ஊளையிடும் பேரிங்குக்கும் பெரும்பாலும் கம்ப்யூட்டர் நம்பர் கொடுப்பதில்லை. அதற்குக் காதுதான் வேண்டும். அந்தக் காது திருப்பூருக்குப் புதுசா என்ன? நிட்டிங் மெஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகள். ஒன்று உடைந்தால் துணியில் நெடுக ஒரு கோடு விழும். அனுபவசாலி ஆபரேட்டர் எல்லா ஊசியையும் பிடுங்கிப் போடுவதில்லை. கோடு விழுகிற இடத்தைப் பிடித்து அந்த ஒரு ஊசியை மாற்றுவார். அதைப் பார்த்து வளர்ந்த ஊரில், ‘டங்’ என்ற ஒரு சத்தத்துக்கு முழு கியர் பாக்ஸையும் இறக்கச் சொன்னால் தலையாட்டலாமா?

ஆகவே, ஒர்க் ஷாப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நின்றால் வருகிறதா, நியூட்ரலில் ஓடினால் வருகிறதா, மேட்டில் மட்டுமா? இன்ஜின் ஆறியிருக்கும்போதா, சூட்டிலா? எந்த கியரில்? அதற்கும் முன்னால் டிக்கியைத் திறந்து ஜாக்கியைக் கட்டிவைத்து, சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிடுங்கள். பாதி வியாதி அங்கேயே தீரலாம்!

சீட்டை நீட்டுங்கள். அதை வாசித்துவிட்டு வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறவரிடம் தைரியமாகச் சாவியைக் கொடுக்கலாம். வாசிக்காமலே ஸ்பேனரை எடுக்கிறவரிடம், ‘‘டீ சாப்பிட்டுட்டு வந்தர்றனுங்ணா’’ என்று சொல்லிவிட்டு வண்டியோடு கிளம்பிவிடுங்கள்.