கேப் எவன்ஸும் டோபி காட்டும்: கண்ணாடித் தகடு பார்த்ததும் பார்க்காததும்

1911ஆம் ஆண்டு, தென் துருவத்துக்குப் புறப்பட்ட ராபர்ட் ஸ்காட்டின் குழு கேப் எவன்ஸ் கரையில் ஒரு மரக்குடிலில் குளிர்காலத்தைக் கழித்தது. 50 அடி நீளம், 25 அடி அகலம். உள்ளே 25 பேர். யார் எந்தப் பலகையில் படுத்தார்கள், சமையல்காரர் கிளிஸ்ஸோல்ட் ரொட்டிக்கு மாவு பிசைந்தது எப்படி, நடுக்குளிர்கால விருந்தன்று மேசைக்கு மேலே என்ன கொடிகள் தொங்கின என்பதெல்லாம் இன்று படத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. மனிதர் வாழாத ஒரு கண்டத்தின் ஓரத்தில் நடந்த அன்றாடம் இது. இனி சிங்கப்பூரின் டோபி காட்டுக்கு வருவோம். ஸ்டாம்ஃபோர்ட் கால்வாயாக மாறிவிட்ட பழைய ஓடையில் துணி துவைத்து, பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தி, ஊருக்கே வெள்ளுடை கொடுத்தவர்கள் சென்னை மாகாணத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள். அவர்கள் எங்கே படுத்தார்கள், என்ன சமைத்தார்கள், மழைக்கால ஈரத்தில் துணியை எப்படிக் காய வைத்தார்கள் என்று காட்டும் படங்கள் அரிது. கேமரா இங்கே தாமதமாக வந்தது என்று சொல்லவும் வழியில்லை. ஓடைக்குப் பக்கத்தில் நிற்கிற ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு அப்போது அரசாங்கக் குன்று என்று பெயர். 1844இலேயே பிரெஞ்சு அதிகாரி ஜூல் இத்தியே அதன் மேலிருந்து சிங்கப்பூர் ஆற்றையும் படகுத்துறையையும் டாகெரோடைப் தகட்டில் பதித்துவிட்டார். இன்று எஞ்சியிருக்கும் சிங்கப்பூர்ப் படங்களில் மிகப் பழையவை அவருடையவைதான். கேமரா குன்றின் மேல் நின்றது, வண்ணார்கள் அடிவாரத்தில் இருந்தார்கள். அந்தச் சிறு தூரத்தை அது ஏன் கடக்கவில்லை?

முதலில் வரும் பதில் தொழில்நுட்பம். அதில் உண்மையும் உண்டு. 1850களிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் ஆட்சி செய்தது ஈரத்தகட்டு முறை. பஞ்சை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலங்களில் ஊறவைத்து, ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன் என்கிற பிசின் கிடைக்கும். அதில் அயோடைடு உப்பைக் கலந்து, துடைத்த கண்ணாடியின் மீது சீராக ஓடவிட வேண்டும். பிறகு இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்தி, படமெடுத்து, உடனே கழுவி முடிக்க வேண்டும். எல்லாம் சில நிமிட வேலை. காய்ந்தால் தகடு செத்தது. ஆகவே படக்காரர் எங்கே போனாலும் இருட்டறைக் கூடாரம், அமிலப் புட்டிகள், நல்ல தண்ணீர் எல்லாம் கூடவே போயாக வேண்டும். 1862இல் சிங்கப்பூர் வந்து தம் அண்ணனோடு சேர்ந்து தொழில் நடத்திய ஜான் தாம்சன் இப்படித்தான் வேலை செய்தார். இங்கே ஈதர் கண் எதிரே ஆவியாகும். வட முனையில் கழுவுகிற தண்ணீரே உறையும். 1854இல் கிரீன்லாந்துக் கரையில் கொலோடியன் தகடுகளோடு இறங்கிய எட்வர்ட் இங்கிள்ஃபீல்டுக்கும், 1875இல் வட துருவம் நோக்கிச் சென்ற நேர்ஸ் குழுவின் படக்காரர்களுக்கும் வாய்த்தவை பெரும்பாலும் அசையாத பொருள்கள்: கப்பல், பனிப்பாளம், வரிசையாக நிற்கும் ஆட்கள். அந்தக் காலத்தில் வெப்ப நாடும் துருவமும் சமம் என்றே சொல்லலாம். எங்கும் அன்றாடம் படமாகவில்லை.

1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் கொலோடியனுக்குப் பதிலாக ஜெலட்டினைப் பயன்படுத்திக் காட்டினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலர்தகடுகள் ஆலையில் தயாராகிப் பெட்டியில் விற்பனைக்கு வந்தன. தகட்டை மாதக்கணக்கில் வைத்திருந்து எடுக்கலாம், எடுத்த பிறகும் பொறுத்துக் கழுவலாம். ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் ஒளி பட்டால் போதும். ஆனால் ஜெலட்டின் என்பது எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த பசை. நீரை உறிஞ்சி உப்பும். ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் இளகத் தொடங்கும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே அந்த எல்லையை ஒட்டி இருக்கும். கழுவும்போதே படம் கண்ணாடியை விட்டு வழுக்கி ஓடிவிடக்கூடும். அதனால் வெப்ப நாட்டுப் படக்காரர்கள் படிகார நீரில் முக்கிப் படலத்தை இறுக்கினார்கள். விடியற்காலையிலோ இரவிலோ கழுவினார்கள்.

தென் முனையில் தொல்லை வேறு வகை. ஸ்காட்டின் குழுவோடு சென்ற ஹெர்பர்ட் பான்டிங்தான் அண்டார்க்டிகாவில் தங்கி வேலை செய்த முதல் தொழில்முறைப் படக்காரர். குடிலுக்குள் சுமார் 8 அடிக்கு 6 அடி அளவில் அவருக்கு ஓர் இருட்டறை; படுக்கையும் அதற்குள்ளேயே. வெளியிலிருந்து கேமராவை நேராக உள்ளே கொண்டுவந்தால் குடிலின் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன் மேல் படிந்து, லென்ஸுக்குள்ளும் பூத்துவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குப் பழக்கித்தான் உள்ளே சேர்க்க வேண்டும். ஷட்டரில் இட்ட எண்ணெய் கெட்டியாகி நின்றுபோகும், அதைத் துடைத்தெடுக்க வேண்டும். திரைக்குள் தலையை விட்டுக் குவியம் பார்க்கும்போது விடுகிற மூச்சே கண்ணாடியில் உறைந்து மறைக்கும். ஒருமுறை அவருடைய நாக்கு கேமராவின் உலோகத்தில் பட்டு ஒட்டிக்கொண்டு, தோலைப் பறிகொடுத்துத்தான் மீண்டது. தகடு கழுவப் பனிக்கட்டியை அடுப்பில் உருக்க வேண்டும். அடுப்புக்கு நிலக்கரி அளந்துதான் கிடைக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை சூரியனே கிடையாது. குடிலுக்குள் அசெட்டிலீன் விளக்கு, படமெடுக்க மக்னீசியத் தூளின் மின்னல் வெளிச்சம். இத்தனைக்கும் நடுவில் பான்டிங் எடுத்தவை சுமார் 1,700 தகடுகள். வெப்பம் எவ்வளவு பாடுபடுத்தினாலும் குளிரைவிடக் கருணையானதுதான். 1880களிலிருந்து சிங்கப்பூர்ப் படக்காரருக்கும் உலர்தகடு கைக்கு வந்துவிட்டது, வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை. எனவே பொருளைக் குற்றம் சொல்லித் தப்ப முடியாது.

படம் எடுத்திருப்பார்கள், நம் ஈரக்காற்றில் கெட்டுப்போயிருக்கும் என்று ஒருவர் சொல்லலாம். வலுவான மறுப்புதான். குளிர் என்பது படத்துக்கு ஒரு பெட்டகம். 1897இல் பலூனில் வட துருவம் நோக்கிப் பறந்து மறைந்த ஸ்வீடன் நாட்டு ஆந்திரேயின் கடைசி முகாம் 1930இல் வெள்ளைத் தீவில் கிடைத்தது. 33 ஆண்டுகள் பனியில் கிடந்த பிலிமைக் கழுவி 93 படங்களை மீட்டார்கள். 2013இல் கேப் எவன்ஸில் பான்டிங்கின் அதே இருட்டறையில், பின்னால் அங்கே தங்கிய, ஷாக்கில்டன் என்ற இன்னொரு துருவப் பயணத் தலைவரின் குழுவினர் விட்டுச்சென்ற 22 நெகட்டிவ்கள் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகக் கிடைத்தன, அவற்றையும் பிரித்தெடுத்தார்கள். சிங்கப்பூரில் ஜெலட்டின் பூஞ்சைக்குத் தீனி. ஆனால் இந்த மறுப்பு ஓர் இடத்தில் நிற்காது. அன்றைய சிங்கப்பூர்ப் படங்கள் தகடாக மட்டும் இங்கேயே இருந்துவிடவில்லை. 1867இல் தொடங்கிய லாம்பர்ட் நிறுவனம் சிங்கப்பூர், மலாயா, சயாம் காட்சிகளைப் பெரிய எண்ணிக்கையில் அச்சிட்டு விற்றது. வாங்கியவர்கள் ஆல்பத்தில் ஒட்டி ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனார்கள். அந்தக் குளிர்நாட்டு ஆல்பங்களில் துறைமுகமும் தேவாலயமும் தோட்டங்களும் நன்றாகவே பிழைத்திருக்கின்றன. வண்ணார் குடியிருப்பின் உள்பக்கமும் விற்பனைக்கு வந்திருந்தால் அதில் ஒரு பங்காவது பிழைத்திருக்க வேண்டும்.

ஆகவே அன்றாடத்தைப் படமாக்கியது கேமராவின் வேகமுமல்ல, தட்பவெப்பமுமல்ல. படக்காரர் யாரோடு குடியிருந்தார், யாருக்காக எடுத்தார் என்ற இரண்டும்தான் என்பது என் முடிவு. பான்டிங் ஓராண்டுக்கும் மேலாக அதே கூரையின் கீழ் உண்டு உறங்கினார். மற்றவர்களுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தார். இருண்ட மாதங்களில் பர்மாவையும் ஜப்பானையும் விளக்குப்படங்களாகச் சுவரில் காட்டிப் பேசினார். 1911 அக்டோபரில் அவர் எடுத்த ‘டெனமென்ட்ஸ்’ என்ற படத்தில் ஐந்து பேர் தங்கள் அடுக்குப் படுக்கைகளில் தெரிகிறார்கள். அவர்களில் ஒருவரான பவர்ஸ், இந்தியக் கடற்படையாக இயங்கிய ராயல் இந்தியன் மரீனிலிருந்து வந்தவர். கோட்டும் பூட்ஸும் குதிரைச் சேணமும் தொங்கும் அந்த நெரிசலை ஒரு நாள் விருந்தாளி எடுத்திருக்க முடியாது. சிங்கப்பூர் ஸ்டூடியோவின் வாடிக்கையாளர்களோ பெரும்பாலும் கப்பல் மாறும் இடைவெளியில் கரையிறங்கியவர்கள். அவர்கள் கேட்டது ‘கிழக்கத்திய வகைமாதிரி’: ஒரு தண்ணீர்க்காரர், ஒரு வண்டிக்காரர், ஒரு டோபி. தலைப்பில் தொழில் இருக்கும், பெயர் இருக்காது. இதைவிடக் கூர்மையான ஒப்பீடு ஒன்று உண்டு. 1912இல் ஸ்காட் குழுவுக்காக இந்தியாவிலிருந்து ஏழு கோவேறு கழுதைகள் அண்டார்க்டிகா போய்ச் சேர்ந்தன. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாஹிப் என்று ஏழின் பெயரும் பதிவில் இருக்கின்றன. அஞ்சலட்டையில் நிற்கும் டோபிக்கு அதுகூட வாய்க்கவில்லை.

துருவப் படங்களும் நடிப்புதானே என்று கேட்கலாம். ஆம். பான்டிங் ஆட்களை நிறுத்தி வைத்த பாட்டைக் கேலி செய்து, குளிரில் விறைக்கும்வரை அசையாமல் நிற்பதற்கு ‘பான்ட்’ என்று ஒரு வினைச்சொல்லையே தோழர்கள் உண்டாக்கினார்கள். கிளிஸ்ஸோல்ட் அவருக்காகப் பனிப்பாறை மேல் நின்றபோது விழுந்து அடிபட்டு, மோட்டார் சறுக்குவண்டிப் பயணத்தில் தன் இடத்தை இழந்தார். ஷாக்கில்டனோடு போன ஃபிராங்க் ஹர்லி இன்னும் ஒரு படி மேலே. 1916 ஏப்ரலில், கப்பலை இழந்த குழுவுக்கு உதவி தேடிப் படகு புறப்பட்ட காட்சியை மாற்றி, மீட்புப் படகு வந்த காட்சியாக வெளியிட்டார். அதே ஹர்லிதான் மூழ்கும் கப்பலின் பனிநீருக்குள் இறங்கித் தகடுப் பெட்டிகளை மீட்டவர். சுமை தாங்காதென்று ஷாக்கில்டனோடு உட்கார்ந்து சுமார் 120ஐ வைத்துக்கொண்டு 400ஐ உடைத்தவர். எனவே படம் உண்மையா என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. நிறுத்தி எடுத்த படத்திலும் படுக்கைக்கு மேல் தொங்கும் காலுறை நிறுத்தி வைத்ததல்ல. கூடவே குடியிருந்தவர் எடுத்த படத்தில் இப்படிப்பட்ட தற்செயல்கள் மிகுதி. அங்கும் சாதி உண்டு என்பதை மறைக்க வேண்டாம்: குடிலின் நடுவே பெட்டிகளை அடுக்கி அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் தடுப்பு வைத்திருந்தார்கள். இருந்தும் ரஷ்யக் குதிரைக்காரர் அன்டனும் நாய்க்காரர் திமித்ரியும் பெயரோடுதான் படத்தில் நிற்கிறார்கள்.

கடைசி மறுப்பை என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. துருவப் பயணிகள் விரும்பியே படத்துக்கு நின்றார்கள். படம் விற்றால்தான் பயணக் கடன் அடையும்; கூடவே நாட்குறிப்பு எழுதிப் படத்துக்குப் பெயரும் தேதியும் சேர்த்தவர்களும் அவர்களே. டோபி காட்டுக்காரர்கள் கேமராவை உள்ளே விட விரும்பினார்களா என்பதை யாரும் கேட்டு எழுதவில்லை. அந்நியர் கண்ணுக்கு அடுப்படியைக் காட்ட மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் எழுதிய பதிவு வேறு வகையானது. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் மூலையில் இடும் வண்ணான் குறி, எந்த வீட்டுத் துணி எது என்று சொல்லும் முழுமையான கணக்கு. துணி கிழிந்தபோது அதுவும் போயிற்று. அவர்கள் வேலை தங்கியிருப்பது பிறருடைய படங்களில்தான். டோபி காட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஹில் ஸ்ட்ரீட்டில் இருந்த லீ சகோதரர்கள் ஸ்டூடியோ 1910க்கும் 1925க்கும் இடையில் எடுத்த 2,500க்கும் மேற்பட்ட படங்கள் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்தக் காலத்து ஸ்டூடியோ படங்களில் கஞ்சி போட்ட காலரையும், மடிப்புக் கலையாத கால்சட்டையையும், வெளுப்பின் அளவையும் உற்றுப் பார்த்தால், எந்தத் துணிக்கு எவ்வளவு கஞ்சி, எவ்வளவு நீலம், எவ்வளவு சூட்டில் இஸ்திரிப் பெட்டி என்பதைச் சலவைத் தொழில் தெரிந்த ஒருவரால் ஓரளவு சொல்லிவிட முடியும். இதுவரை அந்தப் படங்களில் முகத்தையும் நகையையும் நாற்காலியையும் படித்தவர்களே அதிகம்.