சிவப்பு மையின் விவேகம்

ஆங்கிலம் வழங்கும் தேசத்திற்குக் கல்வி கற்கச் சென்ற அந்நிய மாணவன், அங்குள்ள உணவும் நடையும் பேச்சும் தன் மனத்தில் எழுப்பிய கலக்கத்தை அந்த ஆங்கிலத்திலேயே எழுதிக் கொடுக்கும்போது, அதைத் திருத்தும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய சூட்சுமங்கள் சில உண்டு. ‘கலாசார அதிர்ச்சி’ என வழங்கும் அக்கலக்கத்தை, கனடாவிற் பிறந்த மானிடவியல் அறிஞர் கலெர்வோ ஒபர்க், 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் நிகழ்த்திய பிரசங்கத்தில் விளக்கி, முதலில் மோகம், பின்பு சங்கடம், அப்பால் தெளிவு, முடிவில் இணக்கம் என்று நான்கு கட்டங்களாக வகுத்துக் காட்டினார்.

அதிர்ந்தேன் என்று சொல்ல விரும்பும் மாணவன் ‘ஐ வாஸ் ஷாக்ட்’ என்னாமல் ‘ஐ வாஸ் ஷாக்கிங்’ என்று எழுதிவிட்டால், பிறரை அதிரவைத்தவன் தானே என்று ஒப்புக்கொண்டவனாகிறான். ‘தி’ என்னும் சிறு சொல்லுக்கு நேரான சொல் ஜப்பானிய மொழியிலும் இல்லை, நம் தமிழிலும் இல்லை. ஆகவே இவ்விரு மொழியினரும் அதை விட்டுவிடுவது பெரும்பாலும் கவனக்குறைவால் அன்று, தாய்மொழிப் பழக்கத்தால். மறுமுறை படித்தால் தானே திருத்திக்கொள்ளக்கூடிய கைத்தவறு வேறு, கற்பவன் தன் மனத்தில் அமைத்துக்கொண்டிருக்கும் விதியைப் புலப்படுத்தும் பிழை வேறு என்று, பிட் கார்டர் என்னும் மொழியியலார் 1967-இல் எழுதிய கட்டுரையில் பிரித்துரைத்தார்.

இலக்கணத் திருத்தத்தால் பயனில்லை, அதைக் கைவிடுதலே நலம் என்று ஜான் டிரஸ்காட் என்னும் ஆய்வாளர் 1996-இல் வாதித்தார். டேனா ஃபெரிஸ் என்னும் மற்றோர் ஆய்வாளர் 1999-இல் அதை மறுத்தெழுதினார். அனுபவமுள்ள ஆசிரியர் ஏடு முழுவதையும் சிவப்பாக்காமல், அடிக்கடி வரும் ஓரிரு பிழைகளை மட்டும் கோடிட்டுக் காட்டித் திருத்தும் பொறுப்பை மாணவனிடமே விடுவதுண்டு.

ஆனால் கோடிட்டுக் காட்டுவது மட்டும் போதாத இடமும் உண்டு. ‘ஐ யூஸ்ட் டு லிவிங் அலோன்’ என்று ஒருவன் எழுதியிருக்கிறான் என்று கொள்வோம். ‘ஐ’ என்பதன் பின் ‘ஆம்’ சேர்த்தால், தனியே வாழப் பழகிவிட்டேன் என்றாகும். ‘லிவிங்’ என்பதை ‘லிவ்’ ஆக்கினால், முன்பு தனியே வாழ்ந்தேன், இப்போது அப்படியில்லை என்றாகும். இரண்டும் இலக்கணத்திற்குப் பொருந்தும். முன்னது ஒபர்க் கூறிய நான்காம் கட்டத்தை எட்டியவனின் வாக்கு, பின்னது அவன் சொல்ல வந்ததையே தலைகீழாக்கியும் விடலாம். இவற்றுள் எது அவன் கருத்து என்பதை எந்த இலக்கண நூலும் சொல்லாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவனைத்தான் கேட்க வேண்டும்.