எட்டு மடங்கு பறவை, எட்டு மடங்கு நடுக்கம்

கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே கேமராக்காரர்கள் முழ நீள லென்ஸோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டெலி லென்ஸ். அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு இன்று ஒரு சதுப்புநிலத்துக்குப் போவோமா, செல்லங்களே?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தென்முனையில் இருக்கிறது எவர்கிளேட்ஸ். எட்ட நின்று பார்த்தால் வெறும் புல்வெளி. ஆனால் அந்தப் புல்லுக்கு நடுவே ஆழமில்லாத தண்ணீர் மிக மெதுவாகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1947-இல் இதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. அமெரிக்க முதலையும் அதன் உறவினரான அலிகேட்டரும் சேர்ந்து வாழும் இடம் தெற்கு ஃபுளோரிடாதான்.

படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வருவார்கள். அது அங்கே மழையில்லாக் காலம். தண்ணீர் வற்ற வற்ற, அலிகேட்டர்கள் மூக்காலும் காலாலும் வாலாலும் தோண்டி வைத்த பள்ளங்களில் மட்டும் நீர் தேங்கும். மீன்கள் அங்கே ஒதுங்கும். மீனைத் தேடிக் கொக்கு, நாரை எல்லாம் வரும். பள்ளம் தோண்டியவரும் பசியோடு அங்கேயேதான் இருப்பார்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 90 செ.மீ. நீளமுள்ள ஒரு பறவை 40 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பறவையின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் கேமராவுக்குள் விழும் பிம்பத்தின் அளவு கிடைத்துவிடும். குவியத் தொலைவு 50 மி.மீ. உள்ள சாதாரண லென்ஸில் அது 1 மி.மீ.க்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 400 மி.மீ. டெலி லென்ஸில் 9 மி.மீ. எட்டு மடங்கு!

சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்றையும் கேளுங்கள். நம் கை எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தையும் லென்ஸ் எட்டு மடங்காக்கிவிடும். அதனால்தான் 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் ஷட்டர் நொடியில் 400-இல் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பார்கள். பறக்கும் பறவை என்றால் அதன் வேகத்துக்கு 2000-இல் ஒரு பங்கு.

நடுக்கத்தை டிரைபாட் என்ற முக்காலி வைத்துச் சமாளிக்கலாம். காற்றை? வெயில் ஏறியதும் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளும். இரண்டும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதில்லை. மதியம் தார்ச்சாலைக்கு மேல் எல்லாம் நெளிவது இதனால்தான். 200 மீட்டர் காற்றைத் தாண்டி வரும் கொக்கின் படமும் அப்படியே நெளிந்து, மசமசவென்று விழும். லென்ஸ் எத்தனை லட்ச ரூபாய் ஆனாலும் இதற்கு மருந்து கிடையாது. வெயில் ஏறுமுன் போக வேண்டும், இல்லையென்றால் கிட்டத்தில் இருக்கும் பறவையை எடுக்க வேண்டும். தூரத்தில் இருப்பதை இழுத்து வருவதைவிட, ஓரளவு அருகில் இருப்பதை இறகு இறகாகக் காட்டுவதில்தான் டெலி லென்ஸ் கெட்டிக்காரன் என்பேன்.

அதற்கு ஏற்ற இடம் எவர்கிளேட்ஸிலேயே உண்டு. தண்ணீர் மேல் போட்ட மரப்பலகை நடைபாதை ஒன்று, அன்ஹிங்கா என்ற பறவையின் பெயரிலேயே இருக்கிறது. நம் ஏரிகளில் இருக்கும் பாம்புத்தாராவின் நெருங்கிய சொந்தம் அது. கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்தும். ஈட்டி முனை அலகால் மீனைக் குத்தி, மேலே தூக்கிப் போட்டு, தலைப் பக்கமாக விழுங்கும். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. இதன் இறகோ நன்றாக நனைந்து ஊறிவிடும். உடம்பு கனத்து, மிதக்காமல் சுலபமாக முங்க முடிகிறது. ஆனால் கரையேறியதும் உடம்பு சில்லிட்டுவிடும். அதனால் சிறகை விரித்து வெயிலில் வெகுநேரம் அசையாமல் நிற்கும். படம் எடுக்க இதைவிட நல்ல நேரம் ஏது?

வேடந்தாங்கலிலும் பாம்புத்தாரா இப்படிச் சிறகு காயப்போடுவதைப் பார்க்கலாம். கேமரா இருந்தாலும் சரி, பைனாகுலர் இருந்தாலும் சரி, அது காய்ந்து முடியும்வரை நெருங்காதீர்கள். பயந்து எழுந்தால், ஈரச் சிறகோடும் குளிரோடும்தான் அது பறந்தாக வேண்டும்.