போர்வீரரும் வரி வசூலிப்போரும்

ஸ்நாபக அருளப்பரை நாடி யோர்தான் நதியோரம் சென்றவர்களுள் வரி வசூலிப்போரும் இருந்தனர், போர்வீரரும் இருந்தனர். விதித்ததற்கு மேல் வாங்கலாகாது என்று முன்னவருக்கும், பெறும் ஊதியத்தோடு மனநிறைவு கொள்ளுமாறு பின்னவருக்கும் அவர் அறிவுரை கூறியதை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். ஆனால் போர்வீரனின் ஊதியத்திலிருந்தே வரி கேட்கப்படுமாயின் எது நீதி? அமெரிக்க ஐக்கிய நாடுகள் இதற்குக் கண்டுள்ள விடை நம் சிந்தனைக்கு உரியது.

அந்நாட்டில் மத்திய அரசு வாங்கும் வரி ஒன்று. ஐம்பது மாநிலங்களும் தத்தம் சட்டப்படி வாங்கும் வரி வேறு. சாதாரணக் குடிமகன் தான் விரும்பிய மாநிலத்தில் குடியேறலாம். போர்வீரனோ ஆணை வந்ததும் மனைவி மக்களுடன் புறப்பட வேண்டியவன். செல்லுமிடந்தோறும் அவனை உள்ளூர்வாசியாக எண்ணி வரி கேட்பது முறையன்று. எனவே, ஆணையின்பேரில் ஒரு மாநிலத்தில் தங்கியிருப்பதால் மட்டும் படைவீரன் அம்மாநிலத்தவன் ஆகிவிடான் என்ற விதி 1942-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2003-ஆம் ஆண்டின் சட்டம் அதனைப் புதுப்பித்தது. அவனது படை ஊதியத்துக்குப் பொதுவாக அவன் நிலையான குடியுரிமை கொண்ட சொந்த மாநிலமே வரி விதிக்கலாம். 2009-இல் வாழ்க்கைத் துணைவருக்கும் இத்தகைய பாதுகாப்பு கிடைத்தது. குடும்பம் ஒன்றாயிருக்க வேண்டும் என்று போதிக்கும் நாம் இதனை வரவேற்கிறோம்.

ஓய்வூதியத்திலும் வழக்கு எழுந்தது. கான்சாஸ் மாநிலம் தன் அலுவலரின் ஓய்வூதியத்துக்கு விலக்களித்துவிட்டு, படையில் ஓய்வு பெற்றோரிடம் வரி வாங்கியது. மீண்டும் பணிக்கு அழைக்கப்படக் கூடியவர்களாதலால் அவர்கள் பெறுவது ஓய்வூதியமன்று, குறைந்த ஊதியமே என்று வாதாடியது. 1992-இல் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை ஒருமனதாகத் தள்ளியது. இன்று பல மாநிலங்கள் படை ஓய்வூதியத்துக்கு வரி வாங்குவதில்லை. நெடுங்காலம் முழு வரி விதித்த கலிபோர்னியாவும், 2025-ஆம் வரியாண்டு முதல், வருமான வரம்புக்கு உட்பட்டோருக்கு 20,000 டாலர் வரை விலக்களிக்கிறது.

டெக்சாஸ் மாநிலத்தில் வருமான வரி இல்லை. வீட்டு வரியோ மிகுதி. நூறு விழுக்காடு ஊனமுற்றவரென மதிப்பிடப்பட்ட முன்னாள் வீரரின் குடியிருப்பு இல்லத்துக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டம் முழு விலக்களித்தது. அவர் மறைந்தபின் மறுமணம் செய்யாத துணைவருக்கும் அவ்வுரிமை தொடர, 2011-இல் அம்மாநில மக்களே வாக்களித்தனர். களத்தில் மாண்டவரின் துணைவருக்கு 2013-இல் வழி செய்தனர். எனினும் இச்சலுகை தானே வீடு தேடி வருவதன்று. விண்ணப்பித்தே பெற வேண்டும். துயரில் மூழ்கிய விதவைக்குப் படிவம் நிரப்ப உதவுவதும் அறச்செயலே அன்றோ!

இங்கே மற்றொரு கேள்வி எழுகிறது. ஒரு வீட்டின் வரி நீங்கினால் சாலைக்கும் காவலுக்கும் பணம் எங்கிருந்து வரும்? பெரும் படைத்தளத்தை அடுத்துள்ள கில்லீன் நகரில் முன்னாள் வீரர்கள் மிகுதி. நகரின் வரி வருவாயும் அதற்கேற்பக் குறைந்தது. மாநிலம் முழுவதும் அறிவித்த நன்றியை ஒரு நகரின் மக்கள் மட்டும் சுமப்பதா? இத்தகைய ஊர்களுக்கு இழப்பின் ஒரு பகுதியை ஈடு செய்ய 2015-இல் மாநிலம் உதவித் திட்டம் வகுத்தது.

நீதியான வரியை ஏய்ப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டித்தது. அதே சங்கம், நேர்மையோடு படைப்பணி ஆற்றுவோரை மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியர் என்றும் மதித்தது. இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல. வரி என்பது பொதுச் சுமையை யாவரும் பகிர்ந்து ஏற்பது. உடலையே ஈந்தவன் தன் பங்கை முன்னரே செலுத்திவிட்டான். அவன் வீட்டு வாசலில் நாம் மீண்டும் கை நீட்டாதிருப்பது தயவன்று, கடன். அதனால் விழும் இடைவெளியை முணுமுணுப்பின்றி நிரப்புவதும் ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் கிறிஸ்தவ அன்பே.