மூன்று பணத்துச் சிப்பாய்

1984இல் மில்டன் பிராட்லி நிறுவனம் விற்ற ‘ஆக்ஸிஸ் அண்ட் அலைஸ்’ பெட்டியைத் திறந்தால் விரிவது ஓர் உலகப்படம். காலம் 1942 வசந்தம். லாரி ஹாரிஸ் உருவாக்கிய விளையாட்டு. ஐந்து வல்லரசுகள், ஐந்து நிறங்கள். ஜெர்மனி சாம்பல், ஜப்பான் மஞ்சள். பிரிட்டனின் வெளிர் மண்ணிறத்துக்குள் இந்தியாவும் கனடாவும் அடக்கம். இலங்கைக்குத் தனி இடமே இல்லை. காசை எண்ணிப் படை வாங்க வேண்டும், நகர்த்த வேண்டும், பகடை உருட்ட வேண்டும். சிப்பாய்க்கு விலை 3, போர் விமானத்துக்கு 12. தாக்கப் போகும் சிப்பாய்க்கு 1 விழுந்தால்தான் பலன். இருந்த இடத்தில் நின்று காக்கும் சிப்பாய்க்கு 2 விழுந்தாலும் போதும். சனிக்கிழமை காலையில் விரித்தால் இரவுச் சாப்பாட்டுக்கும் மேசை கிடைக்காது.

அதே 1942 வசந்தத்தில் மொன்றியலின் வடகோடி சும்மா இருக்கவில்லை. கார்ட்டியர்வில் விமானத்தளம் (பெயர்தான் கார்ட்டியர்வில், நிலம் பக்கத்துச் செயின்ட் லோரனில்) போர்த் தொழிற்சாலையாகியிருந்தது. நூர்டைன் நிறுவனம் அங்கே நோர்ஸ்மன், ஹார்வர்ட் விமானங்களைச் செய்தது. சற்றுப் பின்னர் கனேடியன் விக்கர்ஸ் நிறுவனம் அதே தளத்தில் கட்டலினா இனத்து விமானங்களைக் கட்டியது.

கட்டலினாவை நாங்கள் மறக்கக்கூடாது. ஏப்ரல் 4ஆம் திகதி, இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டது கனடிய விமானப்படையின் 413ஆவது அணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் ஓட்டிய கட்டலினாதான். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். அவர் போர்க் கைதியானார். மறுநாள் கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பலகையிலோ பேர்ச்சலுக்கு வேலையே இல்லை. எந்தக் கப்பல் எந்தக் கடலில் நிற்கிறது என்பது மேசையைச் சுற்றியிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மாதம் 27ஆம் திகதி கனடாவில் பொதுவாக்கெடுப்பு. கட்டாயப்படுத்தி எவரையும் கடல்கடந்த போருக்கு அனுப்பமாட்டோம் என்று கொடுத்த வாக்கிலிருந்து அரசை விடுவிக்கலாமா என்று கேட்டார்கள். நாடு பெரும்பான்மையாக ஆம் என்றது. கியூபெக்கில் பத்தில் ஏழு பேருக்கு மேல் இல்லை என்றார்கள். 1917இலேயே கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து நின்றவர் ஹென்றி பூராசா. மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியை ஊடறுக்கும் பெருவீதிக்கும் 1966இல் திறந்த மெட்ரோ நிலையத்துக்கும் அவர் பெயர்தான். 2007இல் லாவலுக்குப் பாதை நீளும்வரை செம்மஞ்சள் வழியின் வடக்கு முனை அதுவே.

விமானத்தளம் 1988இல் மூடப்பட்டது. ஓடுபாதை இருந்த இடத்தில் இப்போது புவா-ஃபிராங் குடியிருப்பு.

விளையாட்டும் மாறியது. 2004 பதிப்பில் பீரங்கியும் நாசகாரிக் கப்பலும் சேர்ந்தன. பிறகு வந்த 1940 பதிப்புகளில் பிரிட்டனின் கஜானா இரண்டாகப் பிரிந்து ஒன்று கல்கத்தாவுக்குப் போனது; கியூபெக் தனிப் பகுதியாகி, அதில் ஒரு சின்னத் தொழிற்சாலையும் முளைத்தது. கார்ட்டியர்வில்லுக்குக் காலம் கடந்து கிடைத்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். எட்மன்டனிலுள்ள பீம்டாக் நிறுவனம் 2021இல் இந்த விளையாட்டைக் கணினிக்கு முழுமையாகக் கொண்டுவந்தது. இப்போது பகடையைக் கணினியே உருட்டுகிறது. உங்கள் முறையை முடித்துவிட்டு வேலைக்குப் போகலாம், எதிராளி இரவில் பதில் போடுவார். வசதிதான். ஆனால் தோற்கிறவரின் முகத்தைப் பார்க்க முடியாத ஆட்டத்தில் எனக்கு ருசியில்லை.

இவ்வளவு மாற்றத்திலும் ஒன்று மட்டும் அசையவில்லை: மூன்று பணம் வைத்தால் சிப்பாய் வந்தே தீருவான். வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு விதியில் இடமில்லை. ஆகவே எங்கள் மேசைக்கு ஒரு வீட்டு விதி முன்மொழிந்தேன். கியூபெக் தொழிற்சாலையில் சிப்பாய் வாங்கினால் முதலில் பகடை உருட்டவேண்டும். 1, 2 விழுந்தால்தான் ஆள் கப்பலேறுவான், மற்றபடி காசு போனது போனதுதான். இதுவரை அதை ஆதரிப்பவர் ஜெர்மனிக்காக ஆடுபவர் மட்டுமே.